ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லையா? ஏற்காட்டுத் தோட்டத்துக்கும் ஆத்தூர்க் களத்துக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி இதுதான். ஏற்காட்டில் நாகலூர் போகிற பக்கம் ஒரு காபித் தோட்டம். மேலே பங்களாவில் ஃபைபர் இணைப்பும் மோடமும் இருக்கின்றன. கீழே புதிதாகக் கட்டிய இரண்டு காட்டேஜ்களுக்கு இணையம் கொண்டுபோக வேண்டும், நடந்து அளந்தால் சுமார் 140 மீட்டர். சேலத்தில் ஒரு கடைக்காரர் "100 மீட்டர் எல்லாம் புத்தகக் கணக்குங்க, நல்ல கேட் 6 போட்டா 150 வரைக்கும் ஓடும்" என்கிறார். இன்னொருவர் கேட் 8 வாங்கச் சொல்கிறார் (கேட் என்பது கேட்டகரி, கேபிளின் தர வகை எண்). யார் பேச்சைக் கேட்பது? கூடவே ஒரு துணைக் கேள்வி: ஆத்தூர் பக்கம் சொந்தக்காரரின் ஜவ்வரிசி ஆலையில், காயப்போடும் களத்தின் கடைசியில் வைத்த கேமரா இருட்டியதும் அணைந்துவிடுகிறது, அதுவும் தூரத்தால்தானா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், பிறகு காரணங்களுக்கு வருகிறேன். தோட்டத்துக்குத் தாமிரக் கேபிளே வேண்டாம், ஃபைபர் இழுங்கள். களத்துக் கேமராவுக்குக் காரணம் பெரும்பாலும் கரண்ட், நெட்வொர்க் இல்லை. கடைக்காரர் இருவரில் முதலாமவர் சொன்னது பாதி உண்மை, இரண்டாமவர் சொன்னது முழுத் தவறு.

100 மீட்டர் என்பது சுவர் மாதிரி ஏதோ ஒன்று என்றும், 101ஆவது மீட்டரில் இணைப்பு அறுந்துவிடும் என்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது ஒரு உத்தரவாதம். தரமான கேபிள், தரமான கனெக்டர், 20 டிகிரி வெப்பம், இவை இருந்தால் இந்த நீளம் வரை சொன்ன வேகம் கிடைத்தே தீர வேண்டும் என்று கேபிள் செய்கிறவர்களும் சிப் செய்கிறவர்களும் ஒத்துக்கொண்ட ஒரு எண். அந்த நூறும் முழுக்கச் சுவருக்குள் ஓடுகிற கேபிள் இல்லை. 90 மீட்டர் நிலையான கேபிள், இரண்டு முனையிலும் மாட்டுகிற பேட்ச் கார்டு எல்லாம் சேர்த்து 10 மீட்டர். ஏன் பிரித்திருக்கிறார்கள் என்றால், சுவருக்குள் போவது ஒற்றைக் கம்பியாக இருக்கும் கெட்டியான ஒயர். பேட்ச் கார்டு வளைய வேண்டும் என்பதற்காகப் பல மெல்லிய இழைகளை முறுக்கியது, அதில் சிக்னல் இழப்பு ஒரு மீட்டருக்குச் சுமார் 20 சதவீதம் கூடுதல். எனவே கடையில் 50 மீட்டர் ரெடிமேட் பேட்ச் கார்டு இரண்டு வாங்கி நடுவில் கப்ளர் போட்டு நூறு ஆக்கிவிட்டேன் என்று யாராவது சொன்னால், நீளம் நூறுதான், ஆனால் கணக்கு நூறு இல்லை.

அப்புறம் இன்னொன்று, நடந்து அளந்த 140 மீட்டர் கேபிளில் 140 ஆகாது. மோடத்திலிருந்து கூரைக்கு ஏற வேண்டும், அங்கிருந்து பாதையை ஒட்டி வளைந்து இறங்க வேண்டும், காட்டேஜில் மறுபடி மேலே ஏறி உள்ளே இறங்க வேண்டும், இரண்டு முனையிலும் கொஞ்சம் உபரி சுருட்டி வைக்க வேண்டும். மலைச் சரிவில் இதெல்லாம் சேர்ந்து 160, 170 ஆவது சாதாரணம். கேபிள் உறையின் மேல் மீட்டர் எண் அச்சிட்டிருப்பார்கள்; இழுக்கும் முன் தொடக்க எண்ணையும் இழுத்த பின் முடிவு எண்ணையும் குறித்துக்கொண்டால் உண்மையான நீளம் தெரிந்துவிடும். ஒரு பெட்டியில் 305 மீட்டர், அதாவது 1000 அடி. வெளியூர் பெட்டிகள் சிலவற்றில் அடிக் கணக்கில் அச்சிட்டிருக்கும், அதை மீட்டர் என்று படித்துவிடாதீர்கள்.

ஏன் நூறு என்று கேட்டால், இணையத்தில் பாதிப் பேர் "கொலிஷன்" என்று பதில் எழுதியிருப்பார்கள். பழைய காலத்து ஈதர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே ஒயரைப் பகிர்ந்துகொண்டன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல், அந்த மோதலை அனுப்பியவர் கண்டுபிடிக்கும் முன் அவருடைய செய்தி முடிந்துவிடக் கூடாது. 10 மெகாபிட் வேகத்தில் அதற்கான அவகாசம் 51.2 மைக்ரோவிநாடி, அதை வைத்து ரிப்பீட்டர்களோடு மொத்தம் 2,500 மீட்டர் வரை போகலாம் என்றிருந்தது. 100 மெகாபிட்டில் அவகாசம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது, இரண்டு ஹப் (எல்லாரையும் ஒரே ஒயரில் சேர்த்த மாதிரி இணைக்கும் பழைய பெட்டி) வைத்த நெட்வொர்க்கின் மொத்த நீளம் 205 மீட்டர் ஆகிவிட்டது. எல்லாம் சரி. ஆனால் இன்று உங்கள் வீட்டில் ஹப் ஏது? ஒவ்வொரு கருவிக்கும் தனி வழி கொடுக்கிற ஸ்விட்ச்தான், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும் ஃபுல் டூப்ளெக்ஸ்தான். மோதல் என்ற சங்கதியே கிடையாது. மோதல் மட்டும்தான் காரணம் என்றால் நூறு மீட்டர் எல்லை எப்போதோ மறைந்திருக்க வேண்டும்.

உண்மைக் காரணம் ஒயருக்குள் இருக்கிறது. தடிமனான கோஆக்ஸ் கேபிள் காலத்தில் ஒரு துண்டு 500 மீட்டர் போனது, மெல்லிய கோஆக்ஸ் வந்தபோது 185 மீட்டர். 1990இல் டெலிபோன் மாதிரி முறுக்கிய ஜோடி ஒயருக்கு வந்தபோதுதான் நூறு என்ற எண் நிலைத்தது. பிறகு 1995இல் 100 மெகாபிட், 1999இல் கிகாபிட், 2006இல் 10 கிகாபிட் என்று வேகம் ஏறிக்கொண்டே போனாலும், ஏற்கெனவே கட்டடங்களில் நூறு மீட்டர் கணக்கில் ஒயர் போட்டுவிட்டார்கள் என்பதால் ஒவ்வொரு தலைமுறையும் அதே நூறுக்குள் வேலை செய்யும்படி சிப்பையும் கேபிளையும் வடிவமைத்தார்கள். அதாவது இயற்பியல் விதித்த எண் என்பதைவிட, அந்த எண்ணுக்குள் அடங்கும்படி இயற்பியலைச் சமாளித்திருக்கிறார்கள் என்பதே சரி.

சமாளிக்க வேண்டியது என்னென்ன? முதலாவது, போகப் போகச் சிக்னல் தேய்கிறது. கேட் 5இ கேபிளில் 100 மெகாஹெர்ட்ஸில் நூறு மீட்டர் முழு இணைப்புக்கு அனுமதித்த இழப்பு 24 டெசிபெல். அனுப்பிய சக்தியில் சுமார் 250இல் ஒரு பங்குதான் மறுமுனைக்கு வந்து சேரும். இரண்டாவது, பக்கத்து ஜோடியிலிருந்து கசிகிற ஒலி. கிகாபிட்டில் நான்கு ஜோடியும் ஒரே நேரத்தில் இரு திசையிலும் ஓடுகின்றன. தான் கத்துகிற சத்தத்தின் எதிரொலியையும் பக்கத்து மூன்று ஜோடிகளின் இரைச்சலையும் கழித்துவிட்டு, 250இல் ஒரு பங்காக வருகிற எதிராளியின் குரலைச் சிப் பிரித்தெடுக்க வேண்டும். புது பஸ் ஸ்டாண்டில் ஈரோடு, கரூர், தர்மபுரி என்று நாலு கண்டக்டர்கள் காதருகே கூவும்போது எதிர்ப் பக்கம் நிற்கிறவர் மெல்லச் சொல்வதைக் கேட்கிற வேலை அது. நீளம் கூடக் கூட எதிராளி பின்னால் போய்க்கொண்டே இருக்கிறார், கூவல் மட்டும் அதே இடத்தில். தாமதம் ஒரு பொருட்டே இல்லை, நூறு மீட்டரைக் கடக்க ஒரு விநாடியின் இருபது லட்சத்தில் ஒரு பங்குதான் ஆகிறது.

இப்போதைய சிப்கள் இந்தப் பிரித்தெடுக்கும் வேலையில் விதி கேட்பதைவிடக் கெட்டிக்காரர்கள். அதனால்தான் நல்ல தாமிரக் கேபிள், நல்ல க்ரிம்பிங் (முனையில் கனெக்டர் அடிப்பது), குளிர்ந்த இடம் என்றால் 120, 130 மீட்டரிலும் விளக்கு எரிகிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் போட்டுக்கொடுத்த இடங்களில் ஓடியிருக்கும். ஆனால் அது மீதிக் கையிருப்பைச் சாப்பிட்டு ஓடுகிற ஓட்டம். ஸ்விட்ச் மாற்றினால் ஓடாது, வெயில் ஏறினால் ஓடாது, பக்கத்தில் மோட்டார் ஓடினால் ஓடாது. மோசம் என்னவென்றால் ஒரேயடியாகச் சாகாது. விளக்கு எரியும், வாட்ஸாப் போகும், வீடியோ கால் மட்டும் நின்று நின்று வரும், மாலையில் சரியாகிவிடும். இந்த மாதிரிப் பழுதைத் தேடுவதுதான் இந்தத் தொழிலிலேயே எரிச்சலான வேலை. மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ளே நுழைந்து விவரம் பார்க்க முடிகிற ரகம்) இருந்தால் அந்தப் போர்ட்டில் சிஆர்சி பிழை, அதாவது சிதைந்து வந்த தகவல் துண்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது சும்மா இருக்கும்போதும் ஏறிக்கொண்டிருந்தால் குற்றவாளி கேபிள்தான், மோடத்தை ரீஸ்டார்ட் செய்து பயனில்லை.

வெயில் என்று சொன்னேன், சேலத்துக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முறுக்கு ஜோடிக் கேபிளில் 20 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் இழப்பு 0.4 சதவீதம் கூடும், 40 டிகிரிக்கு மேல் 0.6 சதவீதம். விதிநூலிலேயே இதற்கு அட்டவணை உண்டு: 40 டிகிரியில் 90 மீட்டர் என்பது 84 ஆகிவிடும், 60 டிகிரியில் 75 ஆகிவிடும். சித்திரை வெயிலில் அம்மாபேட்டையிலோ குகையிலோ ஒரு மொட்டை மாடியில் பிவிசி பைப்புக்குள் போகிற கேபிள் 50 டிகிரியைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. ஆகவே மாடி வழியாகப் போகிற கேபிளுக்கு நான் 75 மீட்டரைத்தான் எல்லையாக வைத்துக்கொள்வேன், 100 மீட்டரை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. விசைத்தறிக் கூடங்களில் இன்னொரு வினை: வரிசையாக மோட்டார்கள், அவற்றுக்கான மூன்று ஃபேஸ் ஒயர் போகிற அதே பைப்பில் இடம் இருக்கிறதே என்று நெட்வொர்க் கேபிளையும் திணித்திருப்பார்கள். அது ஆபத்தும்கூட. தனிப் பைப், அரை அடியாவது இடைவெளி, குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும்.

ஏற்காட்டில் சூடு பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. வீட்டுக்குள் போடுகிற சாம்பல் நிற பிவிசி கேபிளை வெளியே இழுத்தால் உறை வெயிலில் வெடித்து, மழையிலும் பனிமூட்டத்திலும் ஈரம் உள்ளே இறங்கும். ஈரம் ஏறிய கேபிளில் இழப்பு கூடும், ஒரு மழைக்காலம் கழித்துத்தான் தெரியும். வெளியே என்றால் கறுப்பு பாலிஎத்திலீன் உறை, முடிந்தால் ஜெல் நிரப்பியது.

இனி கேட் 8. கேபிளின் கேட் எண் ஏற ஏற நீளம் ஏறும் என்பது ரொம்பப் பரவிய தவறு. எண் ஏறினால் கேபிள் தாங்குகிற அதிர்வெண் ஏறும், வேகம் ஏறும், நீளம் அதே நூறுதான். கேட் 8ஐ வடிவமைத்தது சர்வர் அறைக்குள் 25, 40 கிகாபிட் வேகத்துக்காக, அந்த வேகத்தில் அதன் எல்லை வெறும் 30 மீட்டர். உங்கள் தோட்டத்துக்கு அதை இழுத்தால் கிகாபிட்தான் ஓடும், கிகாபிட்டுக்கு எல்லை அதே நூறு, காசு மட்டும் பல மடங்கு. கேட் எண் நீளத்தில் வித்தியாசம் காட்டுவது ஒரே இடத்தில்தான்: 10 கிகாபிட். அது கேட் 6இல் சுமார் 55 மீட்டர், பல கேபிள்களை ஒன்றாகக் கட்டிய கூட்டத்தில் 37 வரைகூடக் குறையும். கேட் 6ஏ என்றால் முழு நூறும் போகும். 2.5 கிகாபிட்டுக்குக் கேட் 5இயே நூறு மீட்டர் போதும், 2016இல் அந்த வேகத்தைக் கொண்டுவந்ததே பழைய கேபிளை மாற்றாமல் வைஃபை பெட்டிகளுக்கு வேகம் கொடுக்கத்தான். ஆன்லைனில் கேட் 7 என்று விற்கிற பட்டையான, நாடா மாதிரி மெல்லிய கேபிள்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை எதுவும் கிடையாது. மேசைக்கு அடியில் இரண்டு மீட்டருக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நீளத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஆனால் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை நூறைத் தாண்டியதால் வந்தவை அல்ல. 60, 70 மீட்டரிலேயே படுத்தவை. காரணம் இரண்டு.

ஒன்று, சிசிஏ கேபிள். அலுமினியக் கம்பிக்கு மேலே தாமிரம் பூசியது. பெட்டியில் கேட் 6 என்றுதான் போட்டிருக்கும், ஆனால் கேட் விதி கேட்பது முழுத் தாமிரம், அலுமினியம் அந்த விதிக்குள்ளேயே வராது. இதன் மின்தடை தாமிரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நாலு தடவை வளைத்தால் பட்டென்று ஒடியும். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும், 305 மீட்டர் தாமிரம் அவ்வளவு லேசாக இருக்காது. விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருந்தால் "ப்யூர் காப்பர்தாங்களே?" என்று கேட்டு, அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

இரண்டு, க்ரிம்பிங். எட்டு ஒயரையும் இரண்டு முனையிலும் ஒரே வரிசையில் போட்டால் போதும், வரிசை எதுவானால் என்ன என்று நினைத்து நீலம், வெள்ளை நீலம், ஆரஞ்சு, வெள்ளை ஆரஞ்சு என்று தோன்றின மாதிரி அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எட்டு விளக்கு டெஸ்டரில் 1 முதல் 8 வரை அழகாக எரியும். ஆனால் கனெக்டரில் 3ஆம் காலும் 6ஆம் காலும் ஒரே ஜோடியில் இருக்க வேண்டும், அந்த இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று முறுக்கியவையாக இருக்க வேண்டும். இவர்கள் வரிசையில் 3ஆம் கால் ஒரு ஜோடியிலிருந்தும் 6ஆம் கால் வேறொரு ஜோடியிலிருந்தும் வந்துவிடும். முறுக்கு எதற்காக இருக்கிறதோ அந்தப் பயனே போய்விடும். ஐந்து மீட்டரில் தெரியாது, நாற்பது மீட்டரில் தலைவலி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நடுவில் நீலத்துக்கு வழிவிட்டுப் பிரிந்து நிற்பது இதற்காகத்தான். இரண்டு முனையிலும் இதையே போடுங்கள். கிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 மெகாபிட் மட்டும் வந்தால், நீளத்தைச் சந்தேகப்படும் முன் கனெக்டரை வெட்டி மறுபடி அடித்துப் பாருங்கள். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும், நூறுக்கு இரண்டே போதும், ஒரு ஒயர் சரியாகக் கடிக்காவிட்டால் ஸ்விட்ச் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும்.

இப்போது ஆத்தூர்க் களத்துக்கு வருவோம். ஜவ்வரிசி ஆலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆபீஸ் வாசல் பக்கம் இருக்கும், காயப்போடும் களம் பின்னால் நீண்டு கிடக்கும். கேமராவுக்கு ஆபீசிலிருந்தே 12 வோல்ட் அடாப்டரை வைத்து, நெட்வொர்க் கேபிளின் மீதி இரண்டு ஜோடிகளில் கரண்டை ஏற்றி அனுப்பியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன், இந்தப் பக்கம் பலரும் செய்வது அதுதான். கணக்கைப் பாருங்கள். ஒரு ஒயருக்கு நூறு மீட்டரில் அதிகபட்சம் 9.38 ஓம் தடை. போக இரண்டு ஒயர், வர இரண்டு ஒயர் என்று சேர்த்துக் கட்டினால் சுற்று முழுவதும் அதே சுமார் 9.4 ஓம். பகலில் கேமரா கொஞ்சமாகத்தான் இழுக்கும், தப்பித்துவிடும். இருட்டினதும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும், அரை ஆம்பியர் ஆகும். 9.4 ஓமில் அரை ஆம்பியர் என்றால் 4.7 வோல்ட் வழியிலேயே காலி. 12இல் மிச்சம் 7.3. கேமரா அணையும், விளக்கு அணைந்ததும் மறுபடி எழும், மறுபடி அணையும். சிசிஏ கேபிளாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதே 6 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் ஓடுவது 0.125 ஆம்பியர், வழியில் போவது 1.2 வோல்ட், யாருக்கும் வலிக்காது. முறையான பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டையும் அனுப்பும் முறை) என்பது இதுதான். 2003இல் வந்த முதல் விதியில் ஸ்விட்ச் 15.4 வாட் தரும், கேபிளில் இழப்பு போகக் கருவிக்கு 12.95 வாட் உறுதி, 2009இல் ஸ்விட்ச் தருவது 30 வாட் ஆனது. எனவே அடாப்டரைத் தூக்கிவிட்டு, ஒரு பிஓஇ ஸ்விட்ச் வைத்து, கேமரா பிஓஇ ஏற்குமா என்று பார்த்து மாட்டச் சொல்லுங்கள். நீளம் நூறைத் தாண்டியிருந்தால், கேமராவுக்கென்று விற்கிற பிஓஇ ஸ்விட்சுகளில் எக்ஸ்டெண்ட் என்று ஒரு சின்ன பித்தான் இருக்கும். அதைத் தள்ளினால் வேகத்தை 10 மெகாபிட்டுக்கு இறக்கி 250 மீட்டர் வரை கொண்டுபோகும். இது தயாரிப்பாளர்கள் தாங்களாகச் சேர்த்த வசதி, பொது விதியில் கிடையாது, முழுத் தாமிரக் கேபிளில்தான் நம்பலாம். ஆனால் ஒரு 4 மெகாபிக்சல் கேமராவுக்கு எச்.265 வீடியோ சுருக்க முறையில் சில மெகாபிட்தான் தேவை, பத்து தாராளம். இந்த ஒரு இடத்தில் மட்டும் நூறைத் தாண்டுவதை நான் ஆட்சேபிப்பதில்லை. ஒரே கேமரா, ஒரே கட்டட எல்லை, கெட்டுப்போனால் பெரிய நஷ்டமில்லை.

காட்டேஜ் அப்படி இல்லை. விருந்தாளிகள் காசு கொடுத்துத் தங்குகிறார்கள், பாதிப் பேர் லேப்டாப்போடு வருகிறார்கள். அங்கே உள்ள வழிகளை வரிசையாகச் சொல்லி ஒவ்வொன்றாகக் கழித்துவிடுகிறேன்.

நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்தால் அங்கிருந்து புதிதாக நூறு மீட்டர் தொடங்கும், விதிப்படி குற்றமில்லை. ஹப் காலத்தில் இருந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இன்று கிடையாது. ஆனால் காபிச் செடிகளுக்கு நடுவில் அதற்குக் கரண்ட் எங்கே? கேபிளிலேயே பிஓஇ வாங்கி ஓடுகிற எக்ஸ்டெண்டர் இருக்கிறது, அதை ஒரு பெட்டியில் அடைத்து மரத்தில் கட்டலாம். மழை, எறும்பு, பல்லி, குரங்கு என்று ஒவ்வொன்றும் அந்தப் பெட்டியைத் தேடி வரும். பழுதாகும் இடத்தை நாமே உருவாக்குவானேன்.

வயர்லெஸ் பிரிட்ஜ் நல்ல யோசனைதான், இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்க முடிந்தால். 5 கிகாஹெர்ட்ஸுக்குப் பனிமூட்டமோ சாதாரண மழையோ தடையில்லை, ஈரமான இலைதான் தடை. உங்கள் பக்கம் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்குக்குப் பஞ்சமில்லை. நிழல் மரங்களைக் கவாத்து செய்த கையோடு சிக்னல் அருமையாக இருக்கும், துளிர்த்து அடர்ந்தபின் தேயும். ஆளை ஏற்றிக் கிளை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாதை திறந்த சரிவாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். தோட்டத்தில் பழைய டெலிபோன் ஒயர் ஏற்கெனவே காட்டேஜ் பக்கம் போயிருந்தால், அந்த ஒயரிலேயே இணையம் அனுப்பும் விடிஎஸ்எல் எக்ஸ்டெண்டர் ஜோடி ஒன்று மாட்டிச் சில நூறு மீட்டர்கள் தாண்டலாம், தற்காலிகத்துக்குப் பரவாயில்லை.

மிச்சம் ஃபைபர். சிங்கிள் மோடு ஃபைபரில் இழப்பு ஒரு கிலோமீட்டருக்கே 0.4 டெசிபெல்லுக்குள்தான், தாமிரத்தில் நூறு மீட்டருக்கு 24 என்று மேலே பார்த்தோம். உங்கள் 170 மீட்டரை அது தூரமாகவே கணக்கில் எடுக்காது, இரண்டு முனையிலும் வைக்கிற சாதாரண மீடியா கன்வெர்ட்டர்களே (ஃபைபர் ஒளியையும் ஈதர்நெட்டையும் ஒன்றிலிருந்து மற்றதாக மாற்றும் சின்னப் பெட்டிகள்) 10, 20 கிலோமீட்டர் போகும். பயப்படுகிற அளவுக்கு விலையும் இல்லை, ஒரு ஜோடி சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். டிராப் ஃபைபர் கேபிள் (கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கிற மெல்லிய ரகம்) நல்ல வெளிப்புறக் கேட் 6ஐவிட மலிவாகவே கிடைக்கும்.

ஆனால் நான் ஃபைபரை வற்புறுத்துவதற்கு நீளம் முக்கியக் காரணமே இல்லை. இடிதான். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் சேர்வராயன் மலையில் இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தாமிரம் இழுத்தால், பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னலே அதில் தூண்டுகிற மின்னழுத்தம் இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளைச் சாப்பிட்டுவிடும். இரண்டு கட்டடங்களின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஷீல்டு உள்ள கேபிள் போட்டால் அந்த வித்தியாசத்துக்கு நாமே பாலம் கட்டிக்கொடுத்த மாதிரி. 140 மீட்டர் வேண்டாம், 40 மீட்டர் என்றாலும் தனித்தனிக் கட்டடம், மலை என்றால் நான் ஃபைபர்தான் சொல்வேன். கண்ணாடி கரண்டைக் கடத்தாது. ஒரே ஒரு கவனம், டிராப் கேபிளில் தாங்குவதற்கு ஒரு எஃகுக் கம்பி கூடவே வரும். அதைக் கட்டடத்துக்கு வெளியிலேயே கொக்கியில் மாட்டி நிறுத்திவிட்டு, ஃபைபரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். பெட்டி வரை கம்பியையும் இழுத்துவந்தால் ஃபைபர் போட்ட பயன் போய்விடும். அல்லது உலோகமே இல்லாத ரகம் கேளுங்கள். மண்ணுக்குள் என்றால் தோட்டத்தில் தண்ணீருக்குப் போடுகிற கறுப்பு ஹெச்டிபிஇ பைப்புக்குள் விடுங்கள், எலியும் மண்வெட்டியும் எளிதில் தொடாது. இபி கம்பத்தில் மட்டும் கட்டாதீர்கள்.

வாங்கும்போது நாலு விஷயம் சொல்லிக் கேளுங்கள். ஒற்றை இழையில் இரு திசையும் ஓடும் கன்வெர்ட்டர் என்றால் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு, ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பினால் மற்றது 1550இல் அனுப்பும். இரண்டு ஏ வாங்கி வந்துவிட்டால் விளக்கே எரியாது. கிகாபிட் என்று கேட்டு வாங்குங்கள், 100 மெகாபிட் கன்வெர்ட்டரை இன்னும் தள்ளிவிடுகிறார்கள். கனெக்டர் நிறம் பாருங்கள்: வீட்டு இணைப்பு மோடத்துக்கு வருவது பச்சை, சாய்வாகத் தேய்த்த முனை, கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் நீலம், தட்டை முனை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், நுழைவதாலேயே பலர் மாட்டிவிடுகிறார்கள், நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். கடைசியாக, இழைகள். ஒன்று போதும், ஆனால் நாலு இழைக் கேபிள் போடுங்கள், ஒன்று ஒடிந்தால் மறுபடி குழி தோண்ட வேண்டாம். முனைகளை ஒட்டுவதற்கு உங்களுக்கு இணைப்பு கொடுத்த ஆட்களையே கேளுங்கள், ஸ்ப்ளைசிங் மெஷின் அவர்கள் வண்டியிலேயே இருக்கும், அரை மணி நேர வேலை.

பங்களாவில் மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து கன்வெர்ட்டர், ஃபைபர், முதல் காட்டேஜில் இன்னொரு கன்வெர்ட்டர், அதிலிருந்து ஒரு சின்ன பிஓஇ ஸ்விட்ச், அதிலிருந்து கேட் 6இல் கூரையடியில் வைஃபை பெட்டி. இரண்டு முனைக்கும் தனித்தனியாகச் சின்ன யுபிஎஸ், ஏனென்றால் பங்களாவில் ஜெனரேட்டர் இருந்தும் கீழே கன்வெர்ட்டருக்குக் கரண்ட் இல்லாவிட்டால் பயனில்லை. இரண்டாவது காட்டேஜ் முதலாவதிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே கூரையின் தொடர்ச்சி என்றால் கேட் 6 போதும். தனிக் கட்டடம் என்றால் நாலு இழையில் மிச்சமிருக்கிற ஒன்றை அங்கே நீட்டி, இன்னொரு கன்வெர்ட்டர் ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். குழி தோண்டும்போதே அந்தப் பைப்பையும் சேர்த்துப் போட்டுவிடச் சொல்லுங்கள், கூலி ஒரு தடவைதான்.